அருவித் திரையா, குமிழிப் பெட்டியா, கீட்டோ உருளையா: உப்புநீர்த் தொட்டிக்கு எந்தப் பாசி வடிகட்டி?

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிக்கொண்டே போகிறது, தண்ணீர் மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துவிட்டது என்ற கட்டத்தில்தான் பெரும்பாலானோர் பாசி வடிகட்டியை, அதாவது பாசியை வளர்த்து இந்தச் சத்துகளை உறிஞ்சவைக்கும் அமைப்பை, பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். உடனே கேட்பது, "எதில் பாசி வேகமாக வளரும்?" என்றுதான். சரியாகக் கட்டினால் எல்லா வகையிலும் பாசி வளரும். முடிவெடுக்க உதவும் கேள்விகள் வேறு. வாரா வாரம் எதைக் கழற்றிக் கழுவி மாட்ட உங்களுக்குச் சலிக்காது? அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கே கொட்டும்? மின்சாரம் போனால் என்ன ஆகும்?

பாசி உறிஞ்சிய சத்து, அந்தப் பாசி தொட்டிக்குள் இருக்கும்வரை தொட்டியின் கணக்கில்தான் இருக்கிறது. அறுத்து வெளியே எடுத்தால்தான் கழியும். எவ்வளவு கழியும் என்பதைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். நன்றாகப் பிழிந்த 100 கிராம் ஈரப்பாசியில் உலர்பொருள் 10 கிராம் என்று வையுங்கள். அதில் நைட்ரஜன் 3 சதவீதம் என்றால் 0.3 கிராம், நைட்ரேட்டாக மாற்றினால் 1.3 கிராம். 200 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் நைட்ரேட்டுக்குச் சமம். பாஸ்பேட்டும் அதே அறுவடையில் லிட்டருக்கு சுமார் 0.3 மில்லிகிராம் போகும். பவளத் தொட்டியில் பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 வரை வைத்திருக்கவே ஆளுக்கு ஆள் திண்டாடுகிறார்கள் என்பதை நினைத்தால், ஒரு கைப்பிடிப் பாசி சின்ன விஷயமில்லை என்பது புரியும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை நான்கு. செங்குத்துத் திரையில் தண்ணீர் வழியும் அருவி வகை. தண்ணீருக்குள் மூழ்கிய திரையைக் காற்றுக் குமிழி உரசிச் செல்லும் பெட்டி வகை. மூடிய உருளைக்குள் நூற்சிக்கல்போன்ற கீட்டோமார்ஃபா (சுருக்கமாகக் கீட்டோ) பாசியைச் சுழலவிடும் ரியாக்டர். சம்ப் எனப்படும் கீழ்த்துணைத் தொட்டியின் ஓர் அறையில் பாசி வளர்க்கும் ரெஃப்யூஜியம். இந்த நான்கில் எதுவும் கழிவுத் துகளைப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மீன் எச்சமும் தீவன மிச்சமும் பாறைக்கடியில் தேங்குவது தேங்கத்தான் செய்யும். துகளை வடிக்கும் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸையோ, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரையோ தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம்.

அளவு: தொட்டியைப் பார்க்காதீர்கள், தீவனத்தைப் பாருங்கள்

பழைய விதி, ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு சதுர அங்குலம் திரை என்றது. 400 லிட்டரில் இரண்டு கோமாளி மீன் இருந்தாலும் பத்துப் பெரிய டாங் மீன் இருந்தாலும் ஒரே அளவு திரை என்பது அதன் கோளாறு. சத்து தீவனத்தின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆகவே இப்போது புழக்கத்தில் இருப்பது தீவனக் கணக்கு: நாளொன்றுக்கு ஓர் உறைதீவனக் கட்டி போட்டால், இருபுறமும் ஒளி படும் திரை 75 சதுர சென்டிமீட்டர். ஒருபுறம் மட்டுமே ஒளி என்றால் 150. செதில் தீவனம் போடுபவர்கள் பத்துச் சிட்டிகையை ஒரு கட்டியாகக் கொள்ளலாம்.

"இருக்கட்டுமே" என்று இரண்டு மூன்று மடங்கு பெரிதாகக் கட்டுவதும் தவறு. சத்து போதாத திரையில் பாசி மெலிந்து, மஞ்சளித்து, பிடிப்பில்லாமல் உதிரும். மீன் கூடினால் பிறகு ஒளி நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். திரையைப் பெருக்கத் தேவையிருக்காது.

அருவித் திரை

பாசித் திரையால் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் முறையை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்ட்டர் ஏடி உருவாக்கினார்; 1982-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அவருடைய அமைப்பில் ஒரு வாளி நிரம்பி நிரம்பிக் கவிழ்ந்து, கிடைமட்டத் திரைமேல் அலைபோலத் தண்ணீரை அடிக்கும். அசையும் பாகம், சத்தம், தெறிப்பு எல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன. திரையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு மேலிருந்து தண்ணீரை வழியவிடும் யோசனை பிறகு வந்தது. அதோடு வாளி தேவையற்றதாகி, வேலை வீட்டு ஆட்களின் கைக்கு எட்டியது.

நாளுக்கு இரண்டு கட்டி தீவனம் போடும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் ஒளி படும் பரப்பு வேண்டும். மேலே குழாய்க்குள் நுழைய ஒரு சென்டிமீட்டர், கீழே தண்ணீரைத் தொட இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து 15-க்கு 13 ஆக வெட்டுங்கள்.

திரைக்குத் தையல் வேலைக்கு விற்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ் போதும். ஓர் அங்குலத்துக்கு ஏழு துளை இருக்கும் வகை. அப்படியே மாட்டினால் வேலைக்கு ஆகாது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் பாசி முளைக்கும், ஆனால் ஒட்டாது. மூன்றாவது வாரத்தில் மொத்தமும் பாய்போலச் சரிந்து வடிகால் வாயை அடைக்கும். ரம்பத் தகட்டையோ மர அரத்தையோ எடுத்து, இருபுறமும் நாலு திசையிலும் இழுத்துச் சுரண்டுங்கள். தடவிப் பார்த்தால் கள்ளிச்செடிபோல விரலில் குத்த வேண்டும். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டால் பெரும்பாலும் அது போதாது. இந்த ஒரு வேலையில் காட்டும் சோம்பல்தான் அருவித் திரை தோற்பதற்கு முதல் காரணம்.

குழாய் 20 அல்லது 25 மி.மீ. பிவிசி. அதில் 15 செ.மீ. நீளத்துக்கு 3 மி.மீ. அகலத்தில் நேரான பிளவு வெட்ட வேண்டும். முதலில் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு அவற்றுக்கிடையே வெட்டினால் குழாய் பிளந்துகொண்டு போகாது. நேர்ச்சட்டத்தைக் குழாயோடு கட்டி வைத்துக்கொண்டு வெட்டுங்கள். பிளவு வளைந்தால் ஒரு பக்கம் தண்ணீர் பீய்ச்சும், இன்னொரு பக்கம் திரை காயும். திரையின் மேல்விளிம்பைப் பிளவுக்குள் ஐந்தாறு மி.மீ. நுழைத்து, நைலான் கேபிள் டை இரண்டால் குழாயோடு கட்டுங்கள். குழாயின் தூர முனையில் மூடியை ஒட்டாமல் இறுக்கி மட்டும் மாட்டுங்கள். உள்ளே பிரஷ் விட்டுத் தேய்க்க அதுதான் வழி. பம்ப் பக்கம் ஒரு பால் வால்வும் யூனியனும் (கையால் கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) இருந்தால் திரையைக் குழாயோடு கழற்றி வாஷ்பேசினுக்குக் கொண்டுபோகலாம். பித்தளை வால்வு, செம்பு, துத்தநாகம் பூசிய திருகு எதுவும் கூடாது. செம்பு கரைந்தால் இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. சிலிகான் தேவைப்பட்டால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

நீரோட்டம், திரை அகலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மணிக்கு 50 லிட்டர். 15 செ.மீ. திரைக்கு 750 முதல் 800 லிட்டர். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு மீட்டர் உயரம் ஏற்றி, இரண்டு எல்போ கடந்த பிறகு பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடுவது சாதாரணம். 10 லிட்டர் வாளியைக் குழாய்க்கடியில் பிடியுங்கள்: 45 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 800 லிட்டர். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் பம்ப் போதாது. ஓட்டம் குறைந்தால் தண்ணீர் திரை முழுக்கப் பரவாமல் கோடு கோடாக ஓடும். அந்தக் கோடுகளுக்கு இடையே பாசி காய்ந்து வெளுக்கும்.

ஒளிக்கு 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, நான்கைந்துக்கு ஒன்றாக 450 நானோமீட்டர் நீலம். அது கிடைக்காவிட்டால் 3000 கெல்வின் வார்ம் வொயிட் எல்இடியும் வேலை செய்யும். பவளத்துக்கு வைக்கும் நீல விளக்கை இங்கே கொண்டுவராதீர்கள். ஒரு தீவனக் கட்டிக்கு நிஜமாக இழுக்கும் 6 வாட் என்ற கணக்கில், நம் திரைக்கு ஒவ்வொரு புறமும் 6 வாட். திரைக்கும் விளக்குக்கும் 8 முதல் 10 செ.மீ. இடைவெளி, நடுவே ஓர் அக்ரிலிக் தகடு. தகடு இல்லையென்றால் உப்புத் தெறித்து விளக்கு சீக்கிரமே அரித்துப்போகும். குழாயின் பிளவுமேல் ஒளி விழாமல் கறுப்புப் பட்டையால் மறையுங்கள். மறைக்காவிட்டால் பாசி பிளவுக்குள்ளேயே வளர்ந்து அடைக்கும். அடைத்த இடத்தில் தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சும். அது தொட்டிக்கு வெளியே விழுந்தால் சம்ப் காலியாகி, தரை நனைந்து, பம்ப் வெறுமனே ஓடும். திரைக்கு இருபக்கமும் மறைப்பு வைத்து, மொத்தத்தையும் சம்ப்புக்கு நேர்மேலே அமையுங்கள்.

விளக்கு, பம்ப் இரண்டும் மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் இ.எல்.சி.பி. வழியாகவே போகட்டும். ஒயர் பிளக்குக்கு வருமுன் ஒரு வளைவு கீழே இறங்கி ஏறினால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இன்னொன்று: பம்ப் நின்றால் விளக்கும் நிற்குமாறு இரண்டையும் ஒரே இணைப்பில் வையுங்கள். தண்ணீர் நின்ற இருட்டில் ஈரத்திரை சில மணி நேரம் தாங்கும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால் சீக்கிரமே காய்ந்து கருகிவிடும்.

சலசலப்பு பிடிக்காதவர்கள் திரையின் அடிவிளிம்பை ஒரு சென்டிமீட்டர் சம்ப் தண்ணீருக்குள் மூழ்கவிட்டால் சத்தம் பெரும்பாலும் அடங்கும். நீர் ஆவியாவது மட்டும் கூடத்தான் செய்யும். ஆவியான நீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் இல்லாத தொட்டியில் உப்பளவு நாளுக்கு நாள் ஏறும், ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றி ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

குமிழிப் பெட்டி

சம்ப் இல்லை, தொட்டிக்குமேல் குழாய் இழுக்கவும் முடியாது என்பவர்களுக்கு இதுதான். நாலாபுறமும் மூடிய ஒரு பெட்டி, அல்லது தொட்டிக் கண்ணாடியோடு காந்தத்தால் ஒட்டும் மூன்றுபக்கப் பெட்டி. உள்ளே சுரண்டிய அதே கேன்வாஸ். அடியில் 1 மி.மீ. துளைகள் சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்ட கெட்டிக் குழாய், ஏர் பம்ப். விளக்கு கண்ணாடிக்கு வெளியே. பிளம்பிங் ஏதுமில்லை. பாசி அடைத்துக்கொண்டாலும் எல்லாம் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் தரையில் வெள்ளம் வராது. இந்த நிம்மதி ஒன்றுக்காகவே அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதைத் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் ஒளி ஒருபுறம்தான் என்பதால் பரப்பு இரட்டிப்பு வேண்டும். அதே இரண்டு கட்டித் தீவனத்துக்கு 20-க்கு 15 செ.மீ. திரை. ஏர் பம்ப் எத்தனை லிட்டர் என்று அலைவதைவிட, குமிழி திரையின் முழு அகலத்திலும் இடைவெளியின்றி ஏறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். குமிழி உரசுவதுதான் பாசிமேல் படிந்து நிற்கும் நீர்ப்படலத்தைக் கலைத்துப் புதுச் சத்தைக் கொண்டுவருகிறது. மெல்லிய ஏர் ஸ்டோன் குமிழி அதற்கு ஆகாது. பெரிய, முரட்டுக் குமிழி வேண்டும்.

வழக்கமான தொல்லை, துளைகளில் உப்பு இறுகுவது. மாதம் ஒருமுறை ஏர் ட்யூபைப் பம்ப்பிலிருந்து கழற்றினால் தொட்டித் தண்ணீர் உள்ளே ஏறும். அதை ஊதி வெளியேற்றி, கொஞ்சம் வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீர் விட்டு மறுபடி ஊதுங்கள். மீண்டும் மாட்டும்போது ஒருவழி வால்வு சரியான திசையில் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். வால்வும் இல்லாமல், பம்ப்பும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் போன வேளையில் தண்ணீர் ட்யூப் வழியாகப் பம்ப்புக்குள் இறங்கும். பெட்டிக்குமேல் தளர்வான மூடி ஒன்று வைத்தால் உப்புத் துளி தொட்டி விளிம்பிலும் சுவரிலும் படியாது.

அறுவடைதான் இதன் பலவீனம். திரை காட்சித் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் தூக்கும்போது இழைகள் உதிர்ந்து தொட்டி முழுக்க மிதக்கும். அவை பாறையில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே முளைக்கவும் செய்யும். முதலில் காற்றை நிறுத்தி, ஒரு நிமிடம் அடங்கவிட்டு, பெட்டியையே முழுதாக ஒரு தட்டின்மேல் வைத்து எடுங்கள். பாசி பெட்டியை நிரப்பும்வரை விட்டால் குமிழி ஒரே மூலையில் வழி கண்டுபிடித்து ஏறும். மற்ற இடமெல்லாம் அழுகும்.

கீட்டோ உருளை

பார்க்க அழகாக இருப்பதாலும், திரையைச் சுரண்டும் அசிங்கமான வேலை இல்லை என்பதாலும் பலர் மயங்குவது இதில்தான். 10 அங்குல நீர்வடிகட்டிக்கு வரும் கண்ணாடிபோன்ற ஹவுசிங் ஒன்றை எடுத்து, வெளியே நீர்புகா எல்இடி பட்டையைச் சுற்றி, உள்ளே ஒரு கைப்பிடி கீட்டோவைப் போட்டு, மணிக்கு 200 முதல் 400 லிட்டர் தண்ணீர் விடுவது. பாசி மெதுவாகப் புரள வேண்டும். அசையாமல் அமுங்கிக் கிடந்தால் நடுப்பகுதிக்கு ஒளி போகாமல் வெளுத்துக் கரையும். கரைந்த பாசி தான் உறிஞ்சியதை அப்படியே தண்ணீரில் திருப்பிக் கொட்டும்.

தொடக்கத்தில் உருளையின் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். நிரம்பியதும் பாதியை எடுத்துவிடுங்கள். உள்சுவரில் பழுப்புப் படலம் படிந்து ஒளியைப் பாதியாக்குவது வெளியிலிருந்து தெரியாது, ஏனென்றால் எல்இடி பட்டை மறைத்துக்கொண்டிருக்கிறது. வளர்ச்சி நின்ற பிறகுதான் உறைக்கும். பம்ப் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாவிட்டால் கீட்டோவின் சிக்கலுக்குள் கழிவுத் துகள் சேர்ந்து, சல்லடையே குப்பைத் தொட்டியாகிவிடும். எல்இடி பட்டை சூடாகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

திறப்பது ஒவ்வொரு தடவையும் ஒரு சடங்கு: இருபக்க வால்வையும் மூடு, யூனியனைக் கழற்று, ஹவுசிங்கைத் திருகு, ஓ-ரிங்கைத் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவு. வாசலின் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். மேலும் இது மூடிய பாத்திரம். மின்சாரம் பல மணி நேரம் போனால் உள்ளிருக்கும் பாசியும் கிருமியும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். திரும்பப் போடும்போது முதல் வரத்துத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வாளியில் பிடித்துக் கொட்டுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் பாசியையும் தூக்கிப் போடுங்கள். ஹவுசிங்கை சம்ப்புக்குள்ளேயோ நேர்மேலேயோ பொருத்துங்கள், கசிந்தாலும் அங்கேயே விழட்டும்.

கைவேலையில் நல்ல பழக்கமும், அடிக்கடி திறக்கும் பொறுமையும் இல்லாதவர்களுக்கு வீட்டில் செய்த ரியாக்டரைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. நான்கில் அதிக இணைப்புகள் உள்ளது இதுதான்; கசிவதும் இணைப்பில்தான்.

ரெஃப்யூஜியம்

சம்ப்பில் இடம் தாராளமாக இருந்தால் இதில் கட்ட ஒன்றுமே இல்லை. மொத்தத் தண்ணீரில் 10 முதல் 20 சதவீதம் பிடிக்கும் ஓர் அறை, கீட்டோ ஓர் உருண்டை, மேலே ஒரு விளக்கு. சத்து நீக்குவதில் நான்கில் மெதுவானது. ஆனால் கோப்பிபாட், ஆம்பிபாட் போன்ற இறால் இனச் சிற்றுயிர் பெருகுவதற்கு இதைவிட நல்ல இடமில்லை. அவற்றைத் தின்று வாழும் மாண்டரின் மீன் வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதுமான காரணம். பாசி கழிவு வாயை அடைக்காமல் ஒரு வலைத் தடுப்பு வையுங்கள். காலர்ப்பா வகை வேண்டாம். திடீரென ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்குப் போய், வெளிறிக் கரைந்து, சேர்த்த சத்தையெல்லாம் பால்போலக் கொட்டிவிடும். அதில் டாக்ஸிஃபோலியா இனம் 1984-ல் மொனாக்கோ கரையில் தென்பட்டு மத்தியதரைக் கடலில் பரவிய கதை தெரிந்ததுதான். எந்த அறுவடையையும் வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையிலோ நீர்நிலையிலோ வேண்டாம்.

யாருக்கு எது

சம்ப் இருக்கிறது, வாரத்தில் இருபது நிமிடம் கையை நனைக்கத் தயார், தீவனம் தாராளம்: அருவித் திரை. எடுத்துக் கழுவுவது இதில்தான் சுலபம், வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும், பழுதானால் காரணமும் தெரியும். சம்ப் இல்லாத 100 லிட்டருக்கு உட்பட்ட சின்னத் தொட்டி: குமிழிப் பெட்டி. மீன் குறைவு, பெரிய சம்ப், சிற்றுயிர் வேண்டும்: ரெஃப்யூஜியம். ரியாக்டர், இடம் நெருக்கமான சம்ப்பில் கீட்டோதான் வேண்டும் என்று முடிவு கட்டியவருக்கு. வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு ரெஃப்யூஜியத்துக்குப் போவது நல்லது. மூன்று வாரம் அறுக்காத கீட்டோ பெருத்துக் கிடக்கும், மூன்று வாரம் அறுக்காத திரை வேர் அழுகி உதிரும்.

ஓட்டத் தொடங்கிய பிறகு

புதுத் திரையில் முதல் சில நாள் பழுப்புப் பூச்சு, இரண்டாம் வாரம் பச்சை வழுவழுப்பு, மூன்றிலிருந்து ஐந்தாம் வாரத்தில் பச்சை முடிப்பாசி. விதை போடத் தேவையில்லை. தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிறது. தொடக்கத்தில் ஒளி 9 அல்லது 10 மணி நேரம்; பச்சை பிடித்ததும் இரண்டிரண்டு மணியாகக் கூட்டி 16 முதல் 18-க்குக் கொண்டுபோங்கள். காட்சித் தொட்டி விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் இதை எரியவிட்டால் இரவில் பிஎச் விழுவது குறையும்.

அறுவடை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. 14-ஐத் தாண்ட வேண்டாம். தடிமன் இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டால் அடியிலிருக்கும் வேருக்கு ஒளியும் நீரும் போகாது. விரலாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ வழித்தெடுங்கள், கேன்வாஸில் பச்சைச் சாயல் மிஞ்சும்படி. மொட்டையாகத் தேய்த்தால் மறுபடி முதல் வாரத்துக்குப் போய்விடும். பிறகு குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பாசியைத் தின்னும் சிற்றுயிர் நன்னீரில் செத்துவிடும், வேர்ப்பாசி தாங்கும். உதறிவிட்டு மாட்டுங்கள். பிளவை டூத்பிரஷால் ஒவ்வொரு தடவையும் தேய்ப்பது இதில் சேர்ந்தது.

நிறம் நிறையச் சொல்லும். தார்போலக் கறுத்த வழவழப்பு: சத்து மிக அதிகம், ஒளி குறைவு, ஐந்து நாளுக்கு ஒருமுறை வழித்து, ஒளி நேரத்தைக் கூட்டினால் சில வாரத்தில் பச்சைக்கு வரும். ரப்பர்போன்ற மஞ்சள்: சத்துக்கு மீறிய ஒளி, அல்லது இரும்புச்சத்துப் பற்றாக்குறை, முதலில் ஒளியை 10 மணி நேரமாகக் குறைத்துப் பாருங்கள். ஓரத்தில் வளர்ந்து விளக்குக்கு நேரே மட்டும் வட்டமாக வெறுமை: அந்த இடத்தில் ஒளி சுடுகிறது, விளக்கை ஐந்து சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளுங்கள், அல்லது முன்னே பால்நிறத் தகடு வையுங்கள். வெளுத்த திட்டு: அங்கே தண்ணீர் போகவில்லை.

பச்சையாக நன்றாக வளர்ந்துகொண்டிருந்த பாசி திடீரென நின்றுவிட்டது, ஆனால் பாஸ்பேட் இறங்கவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். நைட்ரேட்டைச் சோதித்தால் பெரும்பாலும் பூஜ்ஜியம். கடற்பாசியின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம் சுமாராக 550:30:1 என்று 1983-ல் அட்கின்சனும் ஸ்மித்தும் வெளியிட்டார்கள். மிதவை உயிரிகளில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் சொல்லும் 16:1 ரெட்ஃபீல்ட் விகிதத்தைவிடப் பாசிக்கு நைட்ரஜன் ஏறக்குறைய இரட்டிப்பு வேண்டும். பாஸ்பேட் ஒரு பங்கு எடுக்க நைட்ரேட் எடையில் கிட்டத்தட்ட இருபது பங்கு தேவை. ஆகவே நைட்ரேட் முதலில் தீரும், பாஸ்பேட் அப்படியே நிற்கும். அப்போது பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தைத் தேடாமல் நைட்ரேட்டைக் கொடுங்கள். சோடியம் நைட்ரேட் ஒரு கிராமில் 0.73 கிராம் நைட்ரேட் இருக்கிறது. 200 லிட்டரில் லிட்டருக்கு 1 மி.கி. ஏற்ற 0.27 கிராம் போதும். நாளுக்கு 1 அல்லது 2 மி.கி.க்குமேல் ஏற்றாதீர்கள், 2 முதல் 10-க்குள் நின்றால் சரி.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. இரண்டும் பூஜ்ஜியத்தைத் தொட்டால் பவளம் வெளிறும், மணலில் டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர் சளிபோலப் படரும். அந்த நிலையில் வடிகட்டியைக் கழற்ற வேண்டாம். ஒளியை 6 மணி நேரமாகக் குறைத்து, தீவனத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தண்ணீரில் மஞ்சள் சாயல் தட்டினால் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போதும்.

ஏற்கெனவே ஓடும் ஸ்கிம்மரையோ பாஸ்பேட் உறிஞ்சியையோ புது வடிகட்டி வந்த அன்றே நிறுத்திவிடாதீர்கள். பாசி பச்சைபிடித்து மூன்று அறுவடையாவது ஆகட்டும். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடுத்த பாஸ்பேட் அளவு அடுத்தடுத்து இரண்டு வாரம் இறங்கியிருந்தால் உறிஞ்சியைப் பாதியாகக் குறையுங்கள். அதன் பிறகும் ஏறாமல் நின்றால் எடுத்துவிடலாம். ஸ்கிம்மரைக் கடைசியாகத் தொடுங்கள்.